நான்காவது கால்

ஹார்ல்பி சந்தைச் சதுக்கத்தின் மூலையில் முந்நூற்றுச் சொச்சம் வருடங்களாக நின்றுகொண்டிருக்கும் 'நொண்டிக் குதிரை' என்ற பப்பை இழுத்து மூடுவதற்கு முன்னால், அதன் சொந்தக்காரர்களான ஆல்டர்மியர் விடுதிக் குழுமத்தார் எங்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். நாங்கள் கெட்டது அங்கேதான்.

கேட்க வந்தவர்கள் ஓவியம் தாங்கும் மூன்று முக்காலிகளை நிறுத்தி அவற்றில் மூன்று படங்களை வைத்தார்கள். முதல் படத்தில் எங்கள் பப் இருந்தது. இரண்டாவதில் அது காலியாக இருந்தது. மூன்றாவதில் இருந்தது பல் மருத்துவரிடம் போனால் உட்கார வைப்பார்களே, அந்த அறை. ஆனால் பீங்கான் மாதிரி வெள்ளை வெளிச்சத்தில், செடிகளோடு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் தான் செய்ததை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், முகத்துக்கு நேராக நல்லா இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அது வீட்டுக்குள் செருப்போடு போய் மெத்தையில் நிற்பதற்குச் சமம். கிளிஃப் டார்லி என்பவர் நாற்பது வருடமாக மழை, ரயில், நகரசபை, ரொட்டியின் தடிமன் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் திட்டுபவர். அவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு," என்றார். தபால் நிலையத்து பெரில், "ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க," என்றார். நான், "பரவாயில்லையே," என்றேன். நெவில் பிக்கர்ஸ்கில்லின் வலது பாதத்தின் மேல் ஒரு முக்காலியின் கால் ஊன்றியிருந்தது. கொஞ்ச நேரமாகவே ஊன்றியிருந்தது.

"அய்யோ, உங்க கால் மேலயா இருக்கு?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

"இருக்கட்டும் தம்பி. அந்தக் கால் எனக்கு அவ்வளவா தேவைப்படறதில்ல. படம் அருமையா இருக்கு."

நூற்றுக்கு நூறு ஆதரவு என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

பப் ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பலகைகளின் மேல், 'உங்களுக்குப் பிடித்ததெல்லாம் திரும்ப வருகிறது' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் எங்களுக்குப் பிடித்ததையெல்லாம் உடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐந்து மாதமும் தூசிக்கு நடுவில் மாடியில் குடியிருந்தவர் மோரீன் தாக்ரே. பப்பை நடத்துகிறவர். கட்டடம் கம்பெனியுடையது; ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கீழே பியர் ஊற்றுவதும் மாடியில் தூங்குவதும் அவர்தான். மோரீனுக்கு எல்லோரும் 'கண்ணு'தான். பியர் நீட்டும்போதும் கண்ணு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் கண்ணு. தள்ளப்பட்டவர்களின் பெயரைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கற்பலகையில் சாக்கட்டியால் எழுதி வைப்பார். விரட்டுப் பலகை என்று அதற்குப் பெயர். பாடினால் ஒரு வாரம், அடித்தால் ஒரு வருடம், அவருடைய சூப்பைப் பற்றி ஏதாவது சொன்னால் அவர் மனம் இறங்கும்வரை. ஊரில் மரியாதைக்குரியவர்கள் எல்லோருடைய பெயரும் ஏதாவது ஒரு காலத்தில் அதில் இருந்திருக்கிறது. நெவிலின் பெயர் மட்டும் இருந்ததில்லை.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. கம்பெனியின் சொந்த உணர்வுத் துறைத் தலைவர் இமொஜன் லாட்டிமர் வந்திருந்தார். அப்படி ஒரு துறை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வாசலில் நின்று அவர் பேசினார்.

"இந்த இடத்தோட வரலாறு உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்துல ராஜாவோட தூதுவர் ஒருத்தர் போருக்குச் சேதி கொண்டு போனார். இங்க வந்ததும் குதிரைக்குக் கால் சுளுக்கிடுச்சு. அவர் மூணு நாள் இங்கயே குடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். போர் முடிஞ்சு போச்சு. அற்புதமான கதை. ஆனா எங்க ஆய்வுல என்ன தெரிஞ்சதுன்னா, நொண்டிங்கற வார்த்தை வளர்ச்சியை உணர்த்தல. குதிரைங்கறது வாடிக்கையாளர்கள்ல பாதிப் பேருக்கு அலர்ஜி. அதனால ரெண்டையும் எடுத்துட்டோம்."

திரையை இழுத்தார். பழைய பெயர்ப்பலகையில் மூன்று காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்த பழுப்புக் குதிரை போய்விட்டிருந்தது. வெள்ளைப் பலகையில் ஒற்றைக் கால் மட்டும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே.

"நான்காவது கால்!" என்றார் இமொஜன் லாட்டிமர். "இனிமே இதுதான் நம்ம அடையாளம். அந்தக் குதிரைக்கு எது இல்லையோ, அதுதான் நாங்க."

எல்லோரும் கைதட்டினோம். "கசாப்புக் கடை மாதிரி இருக்குய்யா," என்று கிளிஃப் என் காதில் முணுமுணுத்தார். லாட்டிமர் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ரொம்பப் பிரமாதம்," என்றார் கிளிஃப்.

உள்ளே போனோம். பழைய தரைவிரிப்பில் ஒரு சதுரத்தை வெட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். பெட்டியில் சின்ன ஓட்டை இருந்தது, மோந்து பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிகள் குதிரைச் சேணத்தின் வடிவில் இருந்தன. உட்கார்ந்தால் இறங்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் வெள்ளைப் பீங்கானில் ஒரு காது. அதன் மடலில் பச்சை விளக்கு. நாங்கள் பேசுவதைக் கேட்டு, சந்தோஷமாக இருக்கிறோமா என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லுமாம். யாராவது "அருமை" என்றாலோ "பரவாயில்லை" என்றாலோ பச்சை விளக்கு கண் சிமிட்டும். அன்று அது ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பப்பில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில், வங்கியில், சவ ஊர்வலத்தில்கூட ஒருவர் பின் ஒருவராக நிற்கும் நாங்கள், பப்பில் மட்டும் கல்லா நெடுகப் பரவி நிற்போம். ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது அங்கே உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும், மோரீனுக்கும் தெரியும். கம்பெனி இதை ஒழுங்கின்மை என்று கண்டுபிடித்து, பித்தளைக் கம்பங்கள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டிவிட்டது. கயிற்றைக் கண்டதும் கால்கள் தாமாகவே போய் நின்றன. கயிறு வளைந்து வளைந்து அறையைச் சுற்றி, தரைவிரிப்புப் பெட்டியைத் தாண்டி, ஒரு மூடிய கதவுக்கு முன்னால் போய் முடிந்தது. துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையின் கதவு. கல்லாவை எதிர்ச்சுவருக்கு மாற்றியவர்கள் கயிற்றை மாற்ற மறந்துவிட்டார்கள்.

முன்னால் நின்றவர் நெவில். அரைமணி நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நாங்கள் நாற்பது பேர்.

"நெவில், அது துடைப்ப ரூம் இல்ல?" என்றேன்.

"அப்படித்தான் தோணுது. ஆனா அவங்க ஏதாவது யோசிச்சிருப்பாங்க."

"தட்டிப் பாரேன்."

"தட்டினா அவசரப்படற மாதிரி இருக்கும்ப்பா."

எதிர்ச்சுவரின் கல்லாவில் மோரீன் பியர் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். கையை ஆட்டினார். நாங்களும் பதிலுக்கு ஆட்டினோம். வரிசையை விட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது. லாட்டிமர் அந்த வரிசையைப் படம் எடுத்து, 'எதிர்பார்ப்பைத் தாண்டிய வரவேற்பு' என்று அனுப்பினார்.

சாப்பாடு மதியம் வந்தது. மாட்டிறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்தைத் தட்டில் வைக்காமல், குதிரை லாடத்தின் மேல் வைத்துக் கொடுத்தார்கள். லாடத்துக்கு நடுவில் ஒன்றும் கிடையாது என்பது லாடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழம்பு நேராக நெவிலின் மடிக்குப் போயிற்று. "சூடா இருக்கு, நல்லது," என்றார் நெவில். கிளிஃபுக்குப் பாலாடைக்கட்டி வந்தது. அதை வைத்திருந்த கற்பலகைத் துண்டில் சாக்கட்டியால் பாதி அழிந்த எழுத்துகள் தெரிந்தன: 'கிளிஃ'. விரட்டுப் பலகையை நான்காக அறுத்துத் தட்டாக்கியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் மேஜை மேல் ஏறி நின்றதற்காகக் கிடைத்த தண்டனையின் மேல் கிளிஃப் பாலாடைக்கட்டி தின்றார்.

"என் பலகைய என்ன பண்ணீங்க?" என்று மோரீன் லாட்டிமரைக் கேட்டார்.

"ஒதுக்கற மொழி நம்ம அடையாளத்துக்கு ஒத்துவராதும்மா. இனிமே இங்க யாரும் யாரையும் வெளிய போன்னு சொல்லமாட்டாங்க. எல்லாரும் சொந்தம்."

"அவன் குடிச்சுட்டு ஜன்னல ஒடச்சா?"

"அவருக்கு ஜன்னலோட இருக்கற உறவை நாம புரிஞ்சுக்கணும்."

போகும்போது லாட்டிமர் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரம் கழித்து செவிசாய்ப்புக் கூட்டம். கம்பெனிக்குச் செவிசாய்ப்புச் சாசனம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, கூட்டத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர் தன் வாயால் குறை சொன்னால் போதும், காது அதைப் பதிவு செய்யும், பப் பழையபடி மாற்றப்படும். யாரும் சொல்லாவிட்டால் புதிய அடையாளம் நிரந்தரம். பிறகு குழாய்கள் தாமே ஊற்றும். மோரீன் தேவைப்பட மாட்டார். மாடி, 'தனிமை அனுபவ அறைகள்' ஆகும். கம்பெனி இதுவரை நாற்பத்தோரு ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறது. ஒரு ஊரில்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சாசனத்தை எழுதியவருக்கு எங்கள் நாட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மோரீன் தானே குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் தடை இருந்தது. அவர் முதலில் கிளிஃபைக் கேட்டார்.

"நானா?" என்று கிளிஃப் நெஞ்சில் கை வைத்தார். "நான் வம்புதும்புக்குப் போற ஆளே இல்ல மோரீன். உனக்கே தெரியும்."

அடுத்து நெவிலைக் கேட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம், நெவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பது. "நாள் முழுக்க அடுத்தவங்க தப்பச் சொல்றதுதானே உன் பொழப்பு?" என்றார். நெவில் எப்படிச் சொல்லுவார் என்பதை மோரீன் பார்த்ததில்லை. ஊரில் மற்றவர்கள் பார்த்திருக்கிறோம். போன வருடம் ஒரு பெண் காரை நேராகத் தபால் நிலையத்துச் சுவருக்குள் விட்டாள். செங்கல் தூசி அடங்கியதும் நெவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா வந்தீங்க. அடுத்த தடவை பிரேக்க ஒரு துளி முன்னாடி புடிச்சுப் பார்ப்போமா?" என்றார். பிறகு இறங்கிப் போய்ச் சுவருக்குப் பின்னால் இருந்த பெரிலிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனாலும் நெவில் ஒத்துக்கொண்டார். மறுக்கத் தெரியாததால்தான் ஒத்துக்கொண்டார் என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. மோரீன் போய்விட்டால் நெவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. வாரத்தில் மற்ற நாள்களில் கடையில் விற்கும் உணவு டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். ஞாயிறு மதியம் மட்டும் மோரீனின் மாட்டுவால் சூப்பும் வறுத்த உருளைக்கிழங்கும். பதினொரு வருடமாக அப்படித்தான். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பயிற்சி மாடியில், மோரீனின் சமையலறையில் நடந்தது. சாட்சிக்கு நானும் கிளிஃபும். மோரீன் ஒரு கிண்ணம் சூப்பை வைத்தார். காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த சூப்.

"குடி. எப்படி இருக்குன்னு சொல்லு."

நெவில் குடித்தார். "புத்துணர்ச்சியா இருக்கு."

"ஆறிப் போயிருக்கா இல்லையா?"

"வெயில் காலத்துக்கு ஏத்த மாதிரி."

"இது மார்ச் மாசக் குளிருய்யா!"

இரண்டாவது கிண்ணத்தில் ஒரு கைப்பிடி உப்பைக் கொட்டினார். நெவிலின் கண்ணில் தண்ணீர் வந்தது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "கடல் ஞாபகம் வருது," என்றார். மூன்றாவதில் ஒரு கோட்டுப் பொத்தானைப் போட்டார். நெவில் அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, மேஜையில் வைத்தார். "தேடிக்கிட்டிருப்பீங்க."

மோரீனுக்குப் பொறுமை போய்விட்டது. நான்காவது கிண்ணத்தை அப்படியே அவர் மடியில் கவிழ்த்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் நெவில். "என் மடி குறுக்க வந்துடுச்சு."

கிளிஃப் சிரித்துச் சிரித்து இருமினார். மோரீன் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கீழே சதுக்கத்தில் கம்பெனியின் ஒற்றைக் கால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"நெவில் கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த வீட்ட விட்டு அனுப்பிடுவாங்கன்னு நான் பயப்படல. வேற எங்கயாவது ஒரு அறை கிடைக்கும். ஆனா இந்த அஞ்சு வாரமா கீழ நின்னு பாக்கறேன். எவன் என்ன பண்ணினாலும் சிரிக்கணும். ஒருத்தன வெளிய போடான்னு சொல்ல முடியலன்னா அது எப்படிய்யா என் வீடு?"

நெவில் மடியில் கிடந்த சூப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு எழுந்து, தேநீர்க் கெட்டிலுக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குப் புடிக்கல," என்றார்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"சபாஷ்யா!" என்றார் கிளிஃப்.

நெவில் கெட்டிலிடம், "உங்களச் சொல்லல," என்றார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை மதியம். சேண நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்தோம். நடு மேஜையில் பெரிய காது ஒன்று, சலவைக்கல் பீடத்தில். லாட்டிமர் எழுந்தார்.

"நாங்க பேச வரல, கேக்க வந்திருக்கோம்," என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். "நாற்பத்தோரு ஊர்ல நாங்க கேட்டோம். நாற்பத்தோரு ஊர்லயும் ஒரே மௌனம். அந்த மௌனத்துல எவ்வளவு அன்பு! ஒரு பப்ப மூடறது சுலபம். எவன் வேணா மூடலாம். அதத் திறந்தே வச்சுக்கிட்டு உள்ள இருக்கறத மட்டும் எடுக்கறதுக்குத்தான் திறமை வேணும். கட்டடம் பழசு, பெயர் புதுசு, லாபம் எங்களது, நினைவு உங்களது. இதவிட நியாயமான பங்கு இருக்க முடியுமா? சரி. யாருக்காவது ஏதாவது குறை?"

காது பச்சையாக எரிந்தது. கல்லாவில் மோரீன் ஏற்கனவே துடைத்த கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நெவில் எழுந்தார். சேணத்திலிருந்து இறங்க நான் கை கொடுத்தேன்.

"எனக்கு..." என்றார்.

"சொல்லுங்க," என்று லாட்டிமர் சிரித்தார். அழகான சிரிப்பு. அதுதான் தொல்லை. நெவில் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இப்படிச் சிரிக்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை அவர் நெற்றியில் வரி வரியாக ஓடியது.

"எனக்கு... உங்க கழுத்துத் துணி. நிறம் ரொம்பப் பொருத்தமா இருக்கு."

"ஓ! நன்றி!"

காது இரண்டு முறை கண் சிமிட்டியது. நெவில் உட்கார்ந்தார். மோரீன் கோப்பையைக் கீழே வைத்தார். இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார். அது காதில் பதிவாகவில்லை.

"அருமை," என்றார் லாட்டிமர். "ஒரு சின்ன இடைவேளை. அப்புறம் நிரந்தரமா ஆக்கிடலாம்."

இடைவேளை என்றதும் எல்லோரும் கயிற்றுக்குள் போய் நின்றோம். கயிறு இப்போது கல்லாவுக்கே போனது. அதைச் சரிசெய்ய மூன்று வாரமும் ஒரு குழுவும் ஆனது. நெவில் முன்னால் நின்றார். அவமானத்துக்கும் கொஞ்சம் பியர் தேவைப்படும். மோரீன் அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை எடுத்துக் குழாயில் கை வைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. இமொஜன் லாட்டிமர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். சிவப்புக் கயிற்றை ஒரு விரலால் தூக்கினார். குனிந்தார். மறுபக்கம் நிமிர்ந்தார். நெவிலுக்கு முன்னால். கல்லாவைத் தட்டி, "எனக்கு ஒரு சோடா மட்டும்," என்றார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். மற்றது ஒரு விபத்து.

பின்னால் யாரோ வெறுப்பாக உச்சுக்கொட்டினார்கள். 'ச்சு'. அது பெரில். பிறகு கிளிஃப். பிறகு கயிறு நெடுக, மழைத் துளிகள் தகரத்தில் விழ ஆரம்பிப்பது போல, ச்சு, ச்சு, ச்சு. நாங்கள் கொந்தளித்துவிட்டோம்.

நெவிலின் கழுத்து சிவந்தது. சிவப்பு காதுவரை ஏறியது. பிறகு, எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்தக் கெட்டிலும் இல்லாமல், பேசினார்.

"மன்னிக்கணும் மேடம். இங்க ஒரு வரிசை இருக்கு."

லாட்டிமர் திரும்பினார். "தெரியுமே. நாங்கதானே போட்டோம்?"

"நான் அடுத்து நின்னேன்."

"அது வாடிக்கையாளர்களுக்குங்க. நான் கம்பெனி."

இதை அவர் மிகவும் கனிவாகத்தான் சொன்னார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை.

"இது சரியில்ல," என்றார் நெவில்.

சலவைக்கல் பீடத்தில் காது 'டொக்' என்றது. பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது.

"இதுல சிவப்பு விளக்கு இருக்கா?" என்று லாட்டிமர் தன் உதவியாளரைக் கேட்டார். உதவியாளருக்கும் அது புதுச் செய்தியாக இருந்தது.

"சரியே இல்ல," என்றார் நெவில். குரல் உயரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. பிரேக் பிடிக்கத் தெரியாத அந்தப் பெண்ணைப் போல அவர் இப்போது நேராகப் போய்க்கொண்டிருந்தார். "வரிசை மட்டும் இல்ல. லாடத்துல குழம்பு நிக்காது. இந்த நாற்காலியில உட்கார்ந்தா எனக்குத் தொடை மரத்துப் போவுது. அந்தக் கால் நல்லா இல்ல. மூணு கால்ல நின்னாலும் அது முழுக் குதிரையா இருந்துச்சு. கழுத்துத் துணி நல்லாருக்கு, அத நான் மறுக்கல. மத்தது ஒண்ணும் நல்லா இல்ல. அன்னிக்குப் படம் காட்டினீங்களே, அதுவும் நல்லா இல்ல. என் கால் மேல அந்த முக்காலிய நட்டீங்களே, வலிச்சுது. ரெண்டு வாரம் வலிச்சுது!"

"யோவ் நெவில்!" என்று கிளிஃப் கத்தினார். கண் கலங்கியிருந்தது. பிறகு அவரும் ஆரம்பித்தார். நாற்பது வருடமாக முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் முதல்முறையாக ஒருவர் முகத்துக்கு முன்னால் கொட்டினார். ரொட்டியின் தடிமன் உட்பட. "தரைவிரிப்ப எதுக்கும்மா பெட்டியில வச்சீங்க? நான் அதுல வாந்தி எடுத்திருக்கேன்! அத இந்தப் பெரில் நேத்து மோந்து பாத்துச்சு!"

"ரோஜா வாசனை மாதிரி இருக்குன்னு சொன்னேனே," என்றார் பெரில். "பொய் சொன்னேன்."

காது புகைய ஆரம்பித்தது.

இமொஜன் லாட்டிமர் சோடா வாங்காமல் போய்விட்டார். கம்பெனியின் அறிக்கையில் அந்த மதியத்தை 'ஹார்ல்பி வன்முறை' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். தன் நீண்ட அனுபவத்தில் இவ்வளவு கொடூரமான ஒரு 'மன்னிக்கணும்' கேட்டதே இல்லை என்று லாட்டிமர் வாக்குமூலம் கொடுத்தாராம். ஆனால் சாசனம் சாசனம்தான். காதில் எரிந்த சிவப்பு தலைமை அலுவலகத்திலும் எரிந்துவிட்டது. அதை அணைக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு திறப்பு விழா. மறுபடி திரை. இமொஜன் லாட்டிமரே வந்திருந்தார். சொந்த உணர்வுத் துறையிலிருந்து அவரைத் தொன்மைத் துறைக்கு உயர்த்தியிருந்தார்கள்.

"ஒரு புத்தம் புது எண்ணத்தோட வந்திருக்கோம்," என்றார். "எங்க வல்லுநர்கள் ஆராய்ஞ்சு கண்டுபிடிச்ச பெயர். இதுவரைக்கும் யாரும் யோசிக்காதது." திரையை இழுத்தார். பழுப்புக் குதிரை மூன்று காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. "நொண்டிக் குதிரை! முந்நூறு வருஷப் பழமைய முதல் தடவையா உங்களுக்கு அறிமுகப்படுத்தறோம். எப்படி இருக்கு?"

"வித்தியாசமா இருக்கு," என்றார் கிளிஃப்.

கயிறு போய்விட்டது. நாங்கள் பழையபடி கல்லா நெடுகப் பரவி நின்றோம். தரைவிரிப்புச் சதுரம் பெட்டியிலிருந்து தரைக்கு வந்தது. சுற்றிலும் புது விரிப்பு, நடுவில் அது மட்டும் பழசு. விரட்டுப் பலகையின் நான்கு துண்டுகளையும் மோரீன் பசை வைத்து ஒட்டி மாட்டியிருந்தார். பெயர் எதுவும் இல்லாமல் அது கொஞ்சம் சோகமாக இருந்தது. யாராவது ஏதாவது செய்வார்கள் என்று மோரீன் காத்திருந்தார். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டோம். அவரைத் திரும்பப் பெற்றதற்கான மரியாதை.

ஞாயிறு மதியம் நெவில் வந்தார். தன் மூலையில் உட்கார்ந்தார். மாட்டுவால் சூப் வந்தது. மோரீன் பக்கத்திலேயே நின்றார்.

"எப்படி இருக்கு கண்ணு?"

நெவில் ஒரு கரண்டி குடித்தார். கரண்டியை வைத்தார். யோசித்தார்.

"ஆறிப் போயிருக்கு," என்றார். "உப்பும் கொஞ்சம் தூக்கல்."

டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. கிளிஃப் பியரை வாயிலேயே வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார். மோரீன் கிண்ணத்தை எடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் போனார். சாக்கட்டியைத் தேடி எடுத்து, ஒட்டுப் போட்ட பலகையில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில், நிதானமாக, 'நெவில் பிக்கர்ஸ்கில்' என்று எழுதினார். ஒட்டின் மேல் சாக்கட்டி தட்டித் தட்டிப் போனது.

"வெளிய போ கண்ணு," என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"எனக்குத் தோணற வரைக்கும். என் வீடு இது."

நெவில் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். கிளிஃப் அவருக்கு எழுந்து வழிவிட்டார். எழுந்து நின்றே இருந்தார்.

நான் அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மேலே சொன்னதெல்லாம் பிறகு கிளிஃப் சொல்லித் தெரிந்தது. வாசலில், குதிரைக்குக் கீழே, மழையில் நெவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகாமல் ஏன் நிற்கிறார் என்று கேட்டேன்.

"விரட்டிட்டா," என்றார். முகம் முழுக்கப் பெருமை. "பலகையில என் பேர்தான் முதல்ல. பெருசா எழுதியிருக்கா, போய்ப் பாரு."

"என்னய்யா பண்ணின?"

"சூப்பு ஆறிப் போயிருக்குன்னு சொன்னேன்."

"நெசமாவே ஆறித்தான் இருந்துச்சா?"

"நெசமாத்தான்."

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சதுக்கத்தைக் குறுக்கே கடந்து, டப்பா திறக்கும் வீட்டுக்கு நடந்தார்.

நான் உள்ளே போனேன். அவருடைய மூலை காலியாக இருந்ததால் அங்கே உட்கார்ந்து சூப் கேட்டேன். மோரீன் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையில் சாக்கட்டி இருந்தது. ஒரு கரண்டி குடித்தேன். ஆறித்தான் இருந்தது.

"எப்படி இருக்கு கண்ணு?"

"அருமை," என்றேன்.